வீட்டுப் பட்டறை: டர்பன் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் போன்ற ஊர்களில் கார் நிறுத்தும் கராஜில் லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வைத்திருப்பவர்களும் வைக்க ஆசைப்படுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயங்கள் இவை. வேலை செய்து தேய்ந்த மெஷின்களைவிட, கடற்காற்றிலும் கரண்டுக் கோளாறிலும் கெட்டுப்போன மெஷின்களைத்தான் இந்தப் பக்கம் அதிகம் பார்க்கிறேன். அதனால் இரும்பைக் கடைவதற்கு முன்னால் செய்யவேண்டியதைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

முதல் லேத் எது வாங்கலாம்? பழைய இங்கிலீஷ் மெஷினா, புதிய சீன மெஷினா?

இரண்டிலும் நல்ல வேலை வரும். உங்களுக்கு மெஷினைச் சரிசெய்வதில் ஆர்வமா, சாமான் செய்வதில் ஆர்வமா என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பழையதில் மைஃபோர்ட் எம்.எல்.7, பாக்ஸ்ஃபோர்ட் இரண்டும் இங்கே விற்பனைக்கு வரும். மைஃபோர்ட் தொழிற்சாலை 2011-இல் மூடப்பட்டாலும் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பார்க்கப் போகும்போது ஒரு டயல் கேஜும் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி), ஒரு முழ நீளத்துக்கு நேரான கம்பியும் கொண்டுபோங்கள். கம்பியைச் சக்கில், அதாவது சாமானைக் கவ்விச் சுற்றும் பிடியில், மாட்டி, டயல் கேஜைச் சக்கில் முட்டவைத்து, கம்பியை மேலும் கீழும் நெம்புங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்பது ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) பேரிங்கின் நிலையைச் சொல்லிவிடும். அப்புறம் கேரேஜை (டூலைத் தாங்கி நகரும் பகுதி) சக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஆட்டம் இல்லாமல் கிப்பை (ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கிக்கொண்டு, டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் தாங்கி) பக்கமாக நகர்த்துங்கள். நடுவழியில் சிக்கி நின்றால் சக்குப் பக்கம் பெட் (கேரேஜ் நகரும் அடிப்பகுதி) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம். பேக் கியரில் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம்) பல் உடைந்திருக்கிறதா, மரை வெட்டும் கியர்கள் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கியர்களைத் தனியாக வாங்கப்போனால் மெஷின் விலையில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

எம்.எல்.7-இன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 640 சுற்றுதான். சின்னச் சின்னப் பித்தளை வேலை மட்டும் செய்யப்போகிறவருக்கு அது மெதுவாகத் தெரியும்.

புதிய சீன மினி லேத் வாங்கினால், அதை முக்கால்வாசி முடிந்த மெஷின் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓட்டவேண்டாம். சிவப்பு கிரீஸைப் பாரஃபின் (மண்ணெண்ணெய்) கொண்டு துடைத்து, ஸ்லைடுகளை (டூலை நகர்த்தும் சறுக்குப் பாகங்கள்) கழற்றி, ஓரங்களில் இருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து, எண்ணெய் போட்டு, கிப்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து மாட்டுங்கள். ஒரு வார இறுதி இதற்கே போகும். அந்த வேலையைச் செய்து முடித்தவருக்கும் செய்யாதவருக்கும் அதே மெஷினில் வரும் வேலை ஒன்றாக இருக்காது.

கராஜில் எதை வைத்தாலும் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

முதல் கேள்வி: அதே கராஜில் நீச்சல்குளத்து ஆசிட் கேனும் குளோரின் வாளியும் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். மூடி இறுகியிருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகை கசிந்துகொண்டேதான் இருக்கும். அது இருக்கிற அறையில் நீங்கள் என்ன எண்ணெய் பூசினாலும் பலன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு காரணத்தால் பாழாகும் மெஷின்கள் எத்தனையோ. வாகன பேட்டரி சார்ஜ் செய்வதையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஈரம். இரவில் குளிர்ந்துபோன இரும்பின்மேல் காலையில் கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டதும் நீர் படியும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை விடியற்காலையில் பெட்டை விரலால் தடவிப் பாருங்கள், தெரியும். இரும்பு காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் போதும், நீர் படியாது. பழைய வகை சின்ன குண்டு பல்பு ஒன்றை மெஷினுக்கு அடியில், பாதுகாப்பான கூட்டுக்குள் எரியவிடுவது நல்ல வழி. பிளாஸ்டிக் தாளால் மூடவேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்திப் போர்வையில் கொஞ்சம் எண்ணெய் தெளித்து மூடுங்கள். குளிர்காலத்தில் பாரஃபின் அல்லது கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள்பவர்கள் கவனிக்கவேண்டும்: அவை எரியும்போது நீராவியும் வெளியே வரும், அது நேராக இரும்பில் போய் உட்காரும்.

எண்ணெய் விஷயத்தில், பரவலாக விற்கும் மெல்லிய ஸ்பிரேயை மட்டும் நம்பவேண்டாம். அது சீக்கிரம் காய்ந்துவிடும். ஸ்லைடுகளுக்கு 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில். பல நாள் தொடாமல் வைக்கப்போகும் பாகங்களுக்கு லேனோலின் கலந்த ஸ்பிரே. கம்பளி ஆட்டிலிருந்து எடுக்கும் கொழுப்பு அது, ஒட்டிக்கொண்டு நிற்கும். கை வியர்க்கிறவர்கள் மைக்ரோமீட்டரைத் தொட்டபின் துடைக்காமல் பெட்டியில் வைக்கவே கூடாது. மறுநாள் விரல்ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருக்கும்.

டூல் பெட்டிக்குள் ஒரு கட்டி சூடம் போட்டுவைப்பது பழைய ஃபிட்டர்களின் வழக்கம். சூடம் ஆவியாகி இரும்பின்மேல் மெல்லப் படியும் என்பது அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம். நம் வீடுகளில் சாமி அறையில் எப்படியும் இருக்கும், ஒரு கட்டியைத் துணியில் முடிந்து வைக்கலாம். ஆனால் எண்ணெய்க்கு அது மாற்று கிடையாது. எளிதில் தீப்பற்றும் என்பதால் கிரைண்டர் பொறி விழும் பக்கம் வைக்கவேண்டாம்.

ஏற்கெனவே துருப்பிடித்த சாமானை மீட்க முடியுமா?

மேலாகப் பிடித்திருந்தால் எண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் போதும். ஸ்லைடு முகங்களில் மட்டும் உப்புத்தாள் வேண்டாம், பித்தளைத் தகட்டால் சுரண்டுங்கள். ஆழமாகப் பிடித்த சின்னப் பாகங்களைத் தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் சுத்தம் செய்யலாம். சாமானை நெகட்டிவிலும், வேண்டாத இரும்புத் தகட்டைப் பாசிட்டிவிலும் கொடுக்கவேண்டும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்தவெளியில் செய்யுங்கள். முடிந்ததும் கழுவி, சூடு காட்டி உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். அரைமணி விட்டாலும் புதுத் துரு வந்துவிடும்.

வாங்கிய மெஷினில் த்ரீ-ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மோட்டாரை மாற்றவேண்டுமா?

மாற்றவேண்டாம். நல்ல மோட்டார் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். சிங்கிள் ஃபேஸை த்ரீ-ஃபேஸாக்கி வேகத்தையும் மாற்றித்தரும் வி.எஃப்.டி. என்ற டிரைவ் ஒன்றை நடுவில் வைத்தால் வீட்டு 230 வோல்ட்டிலேயே ஓடும். 2.2 கிலோவாட் வரை இந்த வகை டிரைவ் எளிதில் கிடைக்கும்.

வாங்கும் முன் மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். ‘230/400’ என்று இருந்தால் உள்ளே ஸ்டார் முறையில் இருக்கும் காயில் இணைப்பை டெல்டா என்ற இன்னொரு முறைக்கு மாற்றிவிட்டு ஓட்டலாம். ‘400/690’ என்று இருந்தால் 230-இல் அதற்கு முழு பலம் வராது. இன்னும் பழைய மோட்டார்களில் ஸ்டார் இணைப்பை உள்ளேயே முடிச்சுப் போட்டு மூன்று வயர் மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். அதைத் திறந்து ஆறு வயராக வெளியே எடுப்பது மோட்டார் காயில் கட்டுகிறவருக்குத் தெரிந்த வேலை.

டிரைவ் போட்டபின் மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவில் எந்த சுவிட்சும் இருக்கக்கூடாது. மெஷினின் பழைய ஆன்-ஆஃப் சுவிட்சை அந்த வழியிலிருந்து எடுத்துவிட்டு, டிரைவின் கண்ட்ரோல் முனைகளில் கொடுங்கள். வேகத்தைக் குறைக்க டிரைவையே நம்பி பெல்ட்டைத் தொடாமல் விடுவதும் நல்லதில்லை. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடாகும். சக்கைத் திருகி மாட்டும் மைஃபோர்ட் போன்ற மெஷினில் நிற்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். சட்டென்று பிரேக் போட்டால் சக் கழன்று ஓடும்.

எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி விழுகிறது என்றால் டிரைவின் ஃபில்டரிலிருந்து எர்த்துக்குப் போகும் சிறு மின்கசிவு காரணமாக இருக்கலாம். அதற்காக எர்த் வயரைக் கழற்றுவதோ எர்த் லீக்கேஜைச் சுற்றிக்கொண்டு வயர் போடுவதோ உயிரோடு விளையாடுவது. 30 மில்லியாம்பியரில் விழும் அந்தக் கருவிதான் உங்களைக் காப்பாற்றுகிறது. 1950-களில் இந்த நாட்டில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் சுரங்கங்களுக்காக உருவாக்கிய கருவிகள் அதன் முன்னோடிகளில் சேரும். கசிவு குறைந்த டிரைவைத் தேடி வாங்குங்கள். தனி சர்க்யூட் இழுக்கவேண்டுமென்றால் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வீடு விற்கும்போது அது கட்டாயம் வேண்டும். டிரைவைத் திறக்கவேண்டி வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள், உள்ளே கபாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

வேலை நடுவே கரண்ட் போனால்?

2023-இல் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது, ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று கரண்ட் போவது நிற்கவில்லை. போவதைவிடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. சாதாரண சுவிட்ச் ஆனில் இருந்தால் மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் சக்கில் சாவி இருக்கலாம், கை இருக்கலாம். கரண்ட் போனதும் தானாக ஆஃப் ஆகி, பச்சைப் பட்டனை அழுத்தினால் மட்டும் ஓடுகிற நோ-வோல்ட் சுவிட்ச் எல்லா மெஷினிலும் இருக்கவேண்டும். ட்ரில் பிரஸ், பெஞ்ச் கிரைண்டர் உட்பட. டிரைவ் வைத்திருந்தால் அதில் தானாகத் திரும்ப ஓடும் வசதியை அணைத்து வையுங்கள்.

கம்பியைக் கடைந்தால் ஒரு முனை தடியாகவும் மறுமுனை மெல்லியதாகவும் வருகிறது. ஏன்?

டெயில்ஸ்டாக் போட்டுக் கடைந்தால் அதன் நடு விலகியிருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டுச் சக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். 25 மி.மீ. கம்பியைச் சக்கிலிருந்து ஒரு சாண் வெளியே விட்டு, நடுப்பகுதியைக் கொஞ்சம் மெலிதாக்கி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் நிற்கும்படி செய்யுங்கள். கூர்மையான டூலால், கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் ஸ்லைடு) தொடாமல், இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மிக மெல்லிதாகச் சீவி மைக்ரோமீட்டரில் அளங்கள். வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து, போல்டை இறுக்கி, மறுபடி சீவி அளங்கள். சிறிதாக இருந்தால் பின்காலுக்கு. பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை. மேஜை மரத்தில் இருந்தால் மழைக்காலத்தில் இன்னொரு தடவையும் பார்க்கவேண்டியிருக்கும்.

சூடாக இருக்கும் சாமானை அளக்கவேண்டாம். கடைந்து முடித்த 50 மி.மீ. அலுமினியம் முன்னைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் ஏறக்குறைய 0.05 மி.மீ. பெரிதாகக் காட்டும். ஆறவிட்டு அளங்கள்.

டூலின் உயரம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

உருண்டைக் கம்பிக்கும் டூல் நுனிக்கும் நடுவில் மெல்லிய ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, டூலை மெதுவாக முன்னால் கொண்டுபோய் ஸ்கேல் விழாத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். ஸ்கேல் நெட்டுக்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்நுனி உங்களைப் பார்த்துச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அந்தப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் பாதிப் பிரச்சினை இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும்.

எந்த வேகத்தில் ஓட்டவேண்டும்?

வெட்டும் வேகத்தை 320-ஆல் பெருக்கி, கம்பியின் மி.மீ. விட்டத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு மைல்ட் ஸ்டீல் என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர், வார்ப்பிரும்பு 20, பித்தளை 60. ஆக 25 மி.மீ. ஸ்டீல் கம்பிக்கு ஏறக்குறைய 320 சுற்று. சந்தேகம் வந்தால் குறைத்தே வையுங்கள்.

வெட்டிப் பிரிக்கும்போது மெஷின் அலறுகிறது, டூல் உடைகிறது.

இந்த வேலைக்குப் பயப்படாதவர் இல்லை. சக்கிலிருந்து முடிந்த அளவு குறைவாகக் கம்பியை வெளியே விடுங்கள், டூலும் அப்படியே. டாப் ஸ்லைடை (கிராஸ் ஸ்லைடுக்கு மேலிருக்கும் சின்ன ஸ்லைடு) பூட்டி, கேரேஜையும் பூட்டுங்கள். வழக்கமான வேகத்தில் பாதி. எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். கை தயங்கித் தயங்கித் தள்ளினால் டூல் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் அலறும். சீராகத் தள்ளுங்கள். டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கிக்கொண்டு முழுசாக வெட்டிப் பிரிக்கக்கூடாது, கடைசி நேரத்தில் சிக்கி எகிறும். ஆக்ஸா பிளேடால் மெஷினை நிறுத்திவைத்து அறுப்பதிலும் எந்தக் குறைச்சலும் இல்லை.

அங்குல மரையா, மில்லிமீட்டர் மரையா?

இந்த நாடு 1970-களில் மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. புதிதாகச் செய்வதை மெட்ரிக்கிலேயே செய்யுங்கள். மரை போடும் ஓட்டைக்கு, எம்6-க்கு (6 மி.மீ. மெட்ரிக் மரை) 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5 மி.மீ. ட்ரில் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். தண்ணீர்க் குழாய் மட்டும் இன்னும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரைதான்: 55 டிகிரி மரை. அரை அங்குலக் குழாய் என்று சொல்வதன் வெளிவிட்டம் 20.955 மி.மீ., அங்குலத்துக்கு 14 மரை. அளந்து பார்த்து ‘முக்கால் அங்குலம் போல இருக்கிறதே’ என்று நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

அங்குல லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள மெஷினில் சரியான மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். வெட்டும்போது ஹாஃப் நட்டை (கேரேஜை அந்தத் திருகோடு பூட்டும் நட்டு) திறக்காமல், டூலைப் பின்னால் எடுத்து, மெஷினை ரிவர்ஸில் ஓட்டித் திரும்பி வாருங்கள். திறந்தால் அதே மரையில் மறுபடி விழாது.

தீபாவளிக்கு முறுக்கு அச்சுத் தகடு செய்துதரச் சொல்கிறார்கள். எந்த உலோகம்?

செய்துகொடுங்கள், வீட்டில் பட்டறைக்கு மரியாதை கூடும். ஆனால் கைக்குக் கிடைத்த பித்தளைக் கம்பியில் வேண்டாம். கடைய வசதியான பித்தளையில் ஏறக்குறைய 3 சதவீதம் ஈயம் கலந்திருக்கும். பல்லுக்கும் நாக்குக்கும் போகும் சாமானுக்கு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, 2 மி.மீ. கனம் இருந்தால் போதும்.

குழலின் உள்விட்டத்தை இரண்டு மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறுகிய அளவிலிருந்து அரை மி.மீ. குறைத்துத் தகட்டைக் கடையுங்கள். பழைய குழல்கள் முழு வட்டமாக இருப்பதில்லை. நட்சத்திர ஓட்டைக்கு 4 மி.மீ. ட்ரில் போட்டு, ஐந்து புள்ளி குறித்து, முக்கோண ஊசி அரத்தால் ஒவ்வொரு மூலையாக இழுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ட்ரில் தேய்த்துக்கொண்டு நின்றால் அந்த இடம் இறுகிக் கல்லாகிவிடும், அதனால் மெதுவான வேகம், உறுதியான அழுத்தம், எண்ணெய். மாவு நுழையும் பக்கத்தில் ஓட்டையின் வாயைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். பிழிகிறவர் கைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். கடைசியாக, இரண்டு பக்கமும் பிசிறு இல்லாமல் தேயுங்கள். ஓட்டைக்குள் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள், ஒரு நூல் சிக்கினாலும் அங்கே பிசிறு இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுங்கள்.

கோயில் ரதத்தின் சக்கரத்துக்குப் புஷ் (அச்சு சுற்றுவதற்கான உலோக உள்வளையம்) கடைந்துதரலாமா?

தள்ளுவண்டி அளவில் உள்ள சின்ன ரதம் என்றால் செய்யலாம். ஆட்கள் ஏறுகிற, சரிவில் இழுக்கிற பெரிய தேர் என்றால் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் தொடவேண்டாம். சின்னதற்குப் பாஸ்பர் வெண்கலப் புஷ் நல்லது. 50 மி.மீ. அச்சுக்கு 0.1 மி.மீ. இடைவெளி விடுங்கள். மெதுவாகச் சுற்றுவது, தூசியில் ஓடுவது, அதிகம் இறுக்கவேண்டியதில்லை. புஷ்ஷைச் சக்கரத்துக்குள் அழுத்தி ஏற்றியபிறகு உள்ஓட்டை சுருங்கும், ஆகையால் கடைசி அளவை ஏற்றியபின் எடுங்கள். கிரீஸ் போகும் பள்ளம் மறக்கவேண்டாம்.

கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா? கையில் காப்புக் கயிறு இருக்கிறதே?

சுற்றுகிற மெஷினில் கையுறை கூடவே கூடாது. ஒரு நூல் சிக்கினால் கையுறை கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, முழுக்கைச் சட்டை எல்லாவற்றுக்கும் இதே விதி. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்துவரை பட்டன் போட்ட அரைக்கைச் சட்டைக்குள் விட்டு, மேலே ஏப்ரன் கட்டிக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் சிவப்பு, மஞ்சள் கயிறுதான் நம்மவர்களிடம் அதிகம். பழைய கயிறாக இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ காவடி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தால் விரதம் முடியும்வரை அதை அவிழ்க்க முடியாது. அந்த நாட்களில் லேத்தையும் ட்ரில் பிரஸ்ஸையும் ஓட்டவேண்டாம். அரம் பிடிக்கலாம், வரைபடம் போடலாம், மெஷினைத் துடைத்து எண்ணெய் விடலாம்.

நீளமாக வரும் இரும்புச் சுருளைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள், மெஷினை நிறுத்திக் கொக்கியால் எடுங்கள். சக் சாவியை விட்டுக் கை எடுப்பதானால் சாவியும் கையோடு வரவேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும்.

உலோகம் எங்கே கிடைக்கும்? சுருளையும் துண்டையும் என்ன செய்வது?

ஜேக்கப்ஸ், மொபெனி பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் மிச்சத் துண்டை எடைக்கு விற்கும் கடைகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய மோட்டார் ஷாஃப்ட் நன்றாகக் கடையும். ஹைட்ராலிக் சிலிண்டர் கம்பியின் மேல் குரோம் தோல் கடினம். அதை ஒரே ஆழ வெட்டில் தாண்டிவிட்டால் உள்ளே நல்ல ஸ்டீல். உடற்பயிற்சி எடைக்கட்டிகளில் கல் போன்ற இடங்கள் இருக்கும், டூல் போய்விடும். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்யவேண்டாம், அந்தப் புகை காய்ச்சல் வரவைக்கும்.

பித்தளைச் சுருளை இரும்போடு கலக்காமல் தனி டப்பாவில் சேருங்கள், கலந்தால் விலை குறைந்துவிடும். பழைய இரும்புக் கடையில் விற்கும்போது அடையாள அட்டை கேட்பார்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரிடம் என்ன வாங்கினோம் என்று அவர்கள் பதிவு செய்யவேண்டும், எடுத்துக்கொண்டே போங்கள்.